மின்கலத் தொகுதியைச் சமன் செய்தல்

கூட்டுறவுச் சங்கங்களில் மின்சேமக் கலங்களுக்கு இன்று உள்ள இடம் சிறிதன்று. நெசவாளர் சங்கத்தில் மாலை வேளையில் மின்சாரம் நின்றுவிட்டால், தறிக்கூடத்து விளக்குகளும் கூலிக் கணக்கு எழுதும் கணிப்பொறியும் அவற்றைக் கொண்டே இயங்குகின்றன. பால் உற்பத்தியாளர் சங்கத்தில் விடியற்காலையில் கொழுப்புச் சத்தை அளக்கும் கருவியும் மின்தராசும் அவற்றையே நம்பியுள்ளன. மின்சாரமும் இன்றிக் கலமும் கைவிடுமாயின், பாலை அளக்காமலே ஊற்ற நேரும். அளக்காத பாலுக்கு உரிய விலை கிடைப்பது அரிது. ஆகவே கலத்தில் உண்டாகும் குறை மின்சாரத் தொழிலாளி ஒருவருக்கு மட்டும் உரிய விஷயம் அன்று. அது ஒவ்வோர் அங்கத்தினரின் கூலியையும் விலையையும் தொடும் விஷயமாகும்.

முன்னர் இவ்விடங்களில் ஈயக் கலங்களே இருந்து வந்தன. இப்போது அவை பழுதாகும்போது லித்தியம் கலங்களை வாங்குவதற்கு நிர்வாகக் குழுவினர் முன்வருகின்றனர். விலை சற்றுக் கூடுதலே எனினும், எடை குறைவு, ஆயுள் அதிகம், வடிநீர் ஊற்ற வேண்டுவதில்லை ஆகிய நன்மைகள் இவற்றுக்கு உண்டு. ஆனால் “பராமரிப்பே தேவையில்லை” என்று விற்போர் கூறும் சொல்லை அப்படியே ஏற்றுக்கொள்வது தகாது. வாங்கிய இரண்டாம் ஆண்டிலேயே “கலம் கெட்டுவிட்டது” என்று தீர்மானம் எழுதி, பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிட முற்படும் சங்கங்களும் உண்டு. அவ்வாறு தள்ளப்படுவனவற்றுள் சில உண்மையில் கெட்டவை அல்ல; சமன் குலைந்தவை மட்டுமே. சமன் என்றால் என்ன, அது ஏன் குலைகிறது, அதனை மீட்பது எவ்வாறு என்பவற்றை அங்கத்தினர் அனைவரும் அறியும் வண்ணம் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மதுரைக்கு உரிய பங்கு

லித்தியம் கலம் எங்கோ தோன்றி நமக்கு அந்நியமாக வந்து சேர்ந்த பொருள் என்று எண்ண வேண்டா. லித்தியம் அயனிக் கலத்தை முதன்முதலில் 1991-இல் ஜப்பான் நாட்டின் சோனி நிறுவனத்தார் விற்பனைக்குக் கொண்டு வந்தனர். அதற்கு அடிகோலிய ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவ்வாண்டு ஸ்டாக்ஹோமில் குடினஃப் அவர்களின் சார்பாக நோபல் விரிவுரை ஆற்றியவர் பேராசிரியர் ஆறுமுகம் மந்திரம் என்னும் தமிழர். தென் தமிழ்நாட்டில் அமரபுரம் என்னும் சிற்றூரில் பிறந்த இவர், மதுரைப் பல்கலைக்கழகத்தில் 1974-இல் இளநிலைப் பட்டமும் 1976-இல் முதுநிலைப் பட்டமும் பெற்றவர். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1981-இல் டாக்டர் பட்டம் பெற்ற பின், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகப் பணியாற்றியவர். குடினஃப் அவர்களுடன் இவர் நடத்திய ஆராய்ச்சியில், இரும்புச் சேர்மங்களில் சல்பேட்டு போன்ற தொகுதிகளைச் சேர்த்தால் கலத்தின் மின்னழுத்தம் உயர்கிறது என்பது 1980-களின் இறுதியில் புலனாயிற்று. அவ்வழியைத் தொடர்ந்தே 1997-இல் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் குடினஃப் குழுவினர் லித்தியம் இரும்புப் பாஸ்பேட்டுக் கலத்தை அறிவித்தனர்.

நம் சங்கங்கள் இன்று வாங்கும் கலங்களிற் பெரும்பாலானவை இந்த இரும்புப் பாஸ்பேட்டு வகையைச் சேர்ந்தனவே. மதுரைக்கு வடகிழக்கே காரைக்குடியில், வள்ளல் அழகப்பச் செட்டியார் அளித்த நிலத்திலும் நிதியிலும் எழுந்து, 1953-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமும் லித்தியம் கலங்களைப் பற்றிய ஆராய்ச்சியில் ஈடுபட்டுள்ளது. எனவே இத்துறை அறிவு நமக்கு அண்டை அயலில் உள்ளதே ஆகும்.

பதினாறு கலங்கள் ஒரு நுகத்தில்

இரும்புப் பாஸ்பேட்டுக் கலம் ஒன்றின் மின்னழுத்தம் 3.2 வோல்ட். இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் இன்வர்ட்டர் இயங்காது. ஆகவே ஒரு கலத்தின் நேர்முனையை அடுத்த கலத்தின் எதிர்முனையோடு இணைத்து, பதினாறு கலங்களைத் தொடராகக் கோக்கின்றனர். அப்போது மொத்த அழுத்தம் 51.2 வோல்ட் ஆகிறது. ஒவ்வொரு கலமும் 100 ஆம்பியர்-மணிக் கொள்ளளவு உடையதாயின், தொகுதி முழுவதும் ஏறக்குறைய 5.12 யூனிட் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும்.

தொடராகக் கோத்த கலங்களுக்குள் ஒரு நியதி உண்டு. எல்லாக் கலங்களின் வழியாகவும் ஒரே அளவு மின்னோட்டமே செல்லும். ஒன்றுக்கு அதிகமாகவும் மற்றொன்றுக்குக் குறைவாகவும் செல்ல வழியில்லை. ஏற்றும்போது எல்லாவற்றுக்கும் சமமாக ஏறுகிறது. இறக்கும்போது எல்லாவற்றினின்றும் சமமாக இறங்குகிறது. ஆகவே தொடக்கத்தில் ஒரு கலம் பின்தங்கி இருந்தால், அது தானாக முன்னேறி மற்றவற்றை எட்டிப் பிடிப்பதில்லை.

இவ்வகைக் கலத்தை 3.65 வோல்ட்டுக்கு மேல் ஏற்றலாகாது, 2.5 வோல்ட்டுக்குக் கீழ் இறக்கலாகாது. இவ்விரு எல்லைகளையும் காப்பதற்காகத் தொகுதியில் ஒரு மின்பலகை பொருத்தப்பட்டுள்ளது. பி.எம்.எஸ். என்று கடைக்காரர்கள் கூறுவது இதனையே. நாம் காவற்பலகை என்போம். பதினாறில் எந்த ஒரு கலம் மேல் எல்லையைத் தொட்டாலும் அது மின்னேற்றத்தை நிறுத்திவிடும். எந்த ஒரு கலம் கீழ் எல்லையைத் தொட்டாலும் மின்சாரம் வழங்குவதை நிறுத்திவிடும்.

பதினைந்து கலங்கள் நிரம்பி, ஒன்றில் மட்டும் 10 ஆம்பியர்-மணி குறைந்திருப்பதாகக் கொள்வோம். நிரம்பிய கலங்களின் பொருட்டு மின்னேற்றம் நிறுத்தப்படுகிறது. இரவில் 90 ஆம்பியர்-மணி செலவானவுடன் பின்தங்கிய கலம் காலியாகிறது. உடனே விளக்குகள் அணைகின்றன. மற்றப் பதினைந்து கலங்களிலும் 10 ஆம்பியர்-மணி வீதம் மின்சாரம் இருந்தும் பயன்படுவதில்லை. ஒரே நுகத்திற் பூட்டிய இரண்டு மாடுகள் மெதுவாக நடக்கும் மாட்டின் வேகத்திலேயே செல்வது போன்றது இது. நெசவாளர்க்கும் இது புதிதன்று. பாவில் ஓரிழை மட்டும் இறுகி நின்றால் அவ்விழையே முதலில் அறும். அறுந்தது ஓரிழையே ஆயினும் நிற்பது தறி முழுவதும் ஆகும்.

ஈயக் கலமும் லித்தியம் கலமும்

ஈயக் கலங்களும் தொடராகத்தானே இருந்தன, அவற்றுக்கு இந்தத் தொல்லை ஏன் இல்லை என்று சிலர் கேட்கக்கூடும். ஈயக் கலம் நிரம்பிய பின்னும் மின்னோட்டத்தைச் செலுத்தினால், அதிலுள்ள நீர் ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிந்து வாயுவாக வெளியேறுகிறது. நிரம்பிய கலம் இவ்வாறு நீரைச் செலவிட்டுக் காத்திருக்கும். அதற்குள் பின்தங்கிய கலம் நிரம்பிவிடும். நாம் அவ்வப்போது ஊற்றிய வடிநீர், கலங்களைச் சமன் செய்வதற்குக் கொடுத்த விலையே ஆகும்.

லித்தியம் கலத்திற்கு இவ்வாறு தீங்கின்றிக் காத்திருக்கும் வழி இல்லை. நிரம்பிய பின்னும் செலுத்தப்படும் மின்னோட்டம் உள்ளிருக்கும் திரவத்தைச் சிதைக்கிறது. வாயு உண்டாகிக் கலம் உப்புகிறது. லித்தியம் உலோகமாகப் படிகிறது. மிகுந்தால் தீப்பற்றவும் கூடும். கோபால்ட்டு வகைக் கலங்களை நோக்க இரும்புப் பாஸ்பேட்டு வகை பாதுகாப்பானதே எனினும், ஆபத்துக்கு முற்றிலும் அப்பாற்பட்டது அன்று. அவ்வாறே மிகுதியாக இறக்கிவிட்டால், உள்ளிருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்குகிறது. அத்தகைய கலத்தை மறுபடியும் ஏற்றும்போது, கரைந்த செம்பு வேண்டாத இடத்திற் படிந்து உட்சுற்றை ஏற்படுத்தும். ஆகவே லித்தியம் கலங்களை நாமே சமன் செய்தல் வேண்டும். அவை தாமே சமன் அடைவதில்லை.

சமன் குலைவது ஏன்?

இதற்குக் காரணங்கள் பல. தொகுதியைக் கோக்கும்போது ஒரே அளவு ஏறாத கலங்களைச் சேர்த்துவிடுதல் முதற் காரணம். ஒவ்வொரு கலமும் சும்மா இருக்கையிலும் சிறிதளவு மின்சாரத்தை இழக்கும்; இவ்விழப்பு எல்லாக் கலங்களிலும் ஒன்றாக இராது என்பது இரண்டாவது. வெப்பம் மூன்றாவது. சித்திரை, வைகாசி மாதங்களில் மதுரையில் வெயில் 40 பாகை செல்சியஸை எட்டுவது உண்டு. தகரக் கூரையின் கீழ், சுவரோரம் வைத்த தொகுதியில் நடுவிலுள்ள கலங்கள் ஓரத்திலுள்ளவற்றைவிட மிகுதியாகச் சூடேறும். சூடேறிய கலம் விரைவில் முதுமை அடைகிறது.

நான்காவது காரணம் மனிதரே உண்டாக்குவது. 48 வோல்ட் தொகுதியில் நான்கு கலங்களிலிருந்து மட்டும் கம்பி இழுத்து, 12 வோல்ட் விளக்கையோ ஒலிபெருக்கியையோ இயக்கும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. இது அந்த நான்கு கலங்களை மட்டும் நாள்தோறும் வறியவை ஆக்குவதாகும்.

மொத்தத் தொகை ஏமாற்றும்

கூட்டுறவு ஆய்வாளர் என்ற முறையில் நான் அடிக்கடி காணும் ஒன்றை இங்கே சொல்லலாம். நாட்பதிவேட்டின் கூட்டல் காசளவும் பிசகாமல் இருக்கும். ஆனால் தனிநபர் பேரேட்டைப் புரட்டினால், ஒருவர் கணக்கில் வர வேண்டியது மற்றொருவர் கணக்கில் வரவு வைக்கப்பட்டிருக்கும். மின்கலத் தொகுதியிலும் இதுவே நிகழ்கிறது.

இன்வர்ட்டரின் முகப்பில் 56 வோல்ட் என்று காண்கிறது. பதினாறால் வகுத்தால் கலம் ஒன்றுக்கு 3.5 வோல்ட், எல்லாம் நலம் என்று தோன்றும். ஆனால் பன்னிரண்டு கலங்கள் 3.35 வோல்ட்டில் பின்தங்கி நின்றால், அவற்றின் கூட்டுத்தொகை 40.2 வோல்ட். எஞ்சிய நான்கு கலங்களும் 15.8 வோல்ட்டைச் சுமக்க வேண்டும். அதாவது ஒவ்வொன்றும் 3.95 வோல்ட். இது எல்லையைக் கடந்த, ஆபத்தான அளவாகும். காவற்பலகை இல்லையேல் அந்த நான்கு கலங்களும் அழிந்துபோகும். மொத்த அழுத்தமோ கடைசி வரையில் 56 வோல்ட் என்றே காட்டிக்கொண்டிருக்கும். ஆகவே கலம் கலமாக அளந்து பார்ப்பதே சரியான தணிக்கை.

எப்போது அளப்பது என்பதும் முக்கியம். இரும்புப் பாஸ்பேட்டுக் கலத்தின் அழுத்தம் பாதி நிலையில் பெரும்பாலும் மாறுவதில்லை. நாற்பது விழுக்காடு உள்ள கலமும் அறுபது விழுக்காடு உள்ள கலமும் ஏறக்குறைய 3.3 வோல்ட்டையே காட்டும். எனவே நடுப்பகலில் அளந்துவிட்டு “எல்லாம் ஒன்றாக இருக்கின்றன” என்று மகிழ்வதிற் பயனில்லை. மின்னேற்றம் முடியும் தறுவாயிலும், மின்சாரம் தீரும் தறுவாயிலும் அளந்தாலே உண்மை வெளிப்படும்.

ஒரு சங்கத்திற் கண்டது

என் சரகத்தில் ஒரு சங்கம். கோத்து வாங்கிய பதினாறு கலத் தொகுதி ஒன்று அங்கே இருந்தது. இரவு முழுவதும் நின்ற மின்சாரம் மூன்று மாதங்களுக்குள் நள்ளிரவு வரையிலும் நிற்கவில்லை. புதிய தொகுதி வாங்கவும் பழையதை விற்கவும் நிர்வாகக் குழுவில் தீர்மானம் தயாராயிற்று. கலந்தோறும் எடுத்த அளவு பதிவேட்டில் இல்லாததால், முதலில் அதனை எடுக்கும்படி கேட்டுக்கொண்டேன். மின்னேற்றம் நின்ற வேளையில் அளந்தபோது, பன்னிரண்டு கலங்கள் 3.5 வோல்ட்டுக்கு மேலே நின்றன. முதல் நான்கு மட்டும் 3.3 வோல்ட்டில் இருந்தன.

காரணம் விரைவில் தெரிந்தது. வாசல் விளக்கு ஒன்று அந்த நான்கு கலங்களில் இணைக்கப்பட்டிருந்தது. 3 வாட் விளக்கு. நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம். செலவாவது நாளைக்கு அரை ஆம்பியர்-மணிக்கும் குறைவு. யாரும் பொருட்படுத்தாத அந்தச் சிறு செலவு தொண்ணூறு நாட்களில் 40 ஆம்பியர்-மணிக்கு மேலாகித் தொகுதியின் பயனை ஏறக்குறையப் பாதியாக்கிவிட்டது. விளக்கின் இணைப்பு நீக்கப்பட்டது. தேர்ந்த மின்வினைஞர் ஒருவர் அந்த நான்கு கலங்களுக்கு மட்டும் உரிய 12.8 வோல்ட் லித்தியம் ஏற்றியைக் கொண்டு, அருகிலிருந்தபடியே 10 ஆம்பியர் வீதம் சில மணி நேரம் ஏற்றினார். தொகுதி பழைய நிலைக்குத் திரும்பியது. விற்பனைத் தீர்மானம் கைவிடப்பட்டது. அங்கத்தினர் பங்குத் தொகையிலிருந்து வீணே வெளியேற இருந்த பணம் சங்கத்திலேயே தங்கிற்று.

குறையின் வகையை அறிதல்

சமன் செய்தல் எல்லா நோய்க்கும் மருந்தன்று. ஆகவே குறையின் வகையை முதலில் அறிதல் வேண்டும். இதற்கு இரண்டு கேள்விகள் போதும்: எந்தக் கலம் முதலில் நிரம்புகிறது? எந்தக் கலம் முதலில் காலியாகிறது?

ஒரு கலம் முதலில் நிரம்பி, கடைசியாகக் காலியானால், அதில் மற்றவற்றைவிட மின்சாரம் மிகுந்திருக்கிறது என்று பொருள். சிறிது வடித்துவிட்டால் சரியாகும்.

ஒரு கலம் கடைசியாக நிரம்பி, முதலில் காலியானால், அதில் மின்சாரம் குறைந்திருக்கிறது. அதற்கு மட்டும் ஏற்றினால் சரியாகும். ஆனால் ஏற்றிய சில வாரங்களுக்குள் மறுபடியும் பின்தங்குமாயின், அது உட்கசிவு உடைய கலம், மாற்றுவதே முறை.

ஒரே கலம் முதலில் நிரம்பி, முதலிலேயே காலியும் ஆனால், அதன் கொள்ளளவே சுருங்கிவிட்டது. சிறிய குடம் விரைவில் நிரம்பும், விரைவில் ஒழியும் என்பது போன்றது. இதற்குச் சமன் செய்து பயனில்லை. அக்கலத்தை மட்டும் மாற்றினால் தொகுதி பிழைக்கும்.

மின்னோட்டம் செல்லும்போது மட்டும் ஒரு கலத்தின் அழுத்தம் தனித்து வேறுபட்டு, நிறுத்தியவுடன் மற்றவற்றோடு ஒன்றிவிட்டால், பெரும்பாலும் பழுது கலத்தில் இல்லை; இணைப்புத் தகட்டில் உள்ளது. திருகு தளர்ந்திருக்கும், அல்லது களிம்பு ஏறியிருக்கும். துடைத்து இறுக்கினால் போதும்.

இந்த நான்கையும் பிரித்தறியாமல் தொகுதி முழுவதையும் மாற்றச் சொல்லும் ஆலோசனையைச் சங்கங்கள் ஏற்கலாகாது.

சமன் செய்யும் வழிகள்

முதல் வழி, தொகுதியைக் கோக்கும் முன்னரே சமன் செய்தல். பதினாறு கலங்களையும் பக்க இணைப்பாக, அதாவது நேர்முனைகளை எல்லாம் ஒன்றாகவும் எதிர்முனைகளை எல்லாம் ஒன்றாகவும் இணைத்து, 3.65 வோல்ட்டில் நிறுத்திய ஏற்றியைக் கொண்டு மின்னோட்டம் மிகக் குறையும் வரையில் ஏற்ற வேண்டும். இணைக்கும் முன் எல்லாக் கலங்களின் அழுத்தமும் ஏறக்குறைய ஒன்றாக இருத்தல் அவசியம். இல்லையேல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பெரும் மின்னோட்டம் பாயும். காலத்தையும் கணக்கிட்டுக் கொள்ள வேண்டும். பதினாறு கலங்கள் பக்க இணைப்பில் 1,600 ஆம்பியர்-மணி ஆகின்றன. 10 ஆம்பியர் ஏற்றியால் காலியிலிருந்து நிரப்ப 160 மணி நேரம், அதாவது ஏறக்குறைய ஏழு நாட்கள் செல்லும். ஆகவே முதலில் தொடராகக் கோத்துக் காவற்பலகையுடன் 95 விழுக்காடு ஏற்றிக்கொண்டு, பிறகு பக்க இணைப்புக்கு மாற்றினால் எட்டு மணி நேரத்தில் வேலை முடியும்.

இரண்டாம் வழி, காவற்பலகையே செய்யும் வடிப்பு. முந்திக்கொண்ட கலத்தின் குறுக்கே ஒரு சிறு மின்தடையை இணைத்து, மிகுதியைச் சூடாக்கி வெளியேற்றுகிறது. பல பலகைகளில் இதன் அளவு 0.1 ஆம்பியர் போன்ற சொற்ப அளவே. 10 ஆம்பியர்-மணி வேறுபாட்டைத் தீர்க்க இதற்கு 100 மணி நேரம் வேண்டும். கலங்கள் உச்சியை நெருங்கும்போதுதான் இவ்வேலை நடைபெறும். நாளொன்றுக்கு ஒரு மணி நேரமே அந்நிலை வாய்க்குமாயின், தீர்வதற்கு 100 நாட்கள் ஆகும். ஆதலால் இவ்வடிப்பு சிறு வேறுபாடு வளராமல் காப்பதற்கு ஏற்றது. பெரு வேறுபாட்டைத் தீர்ப்பதற்கு ஏற்றது அன்று. சூரிய மின்தகட்டு ஏற்றியை 55.2 வோல்ட்டில், அதாவது கலத்துக்கு 3.45 வோல்ட்டில், சிறிது நேரம் நிறுத்தி வைக்கும்படி அமைத்தால் பலகைக்கு வேலை செய்ய அவகாசம் கிடைக்கும்.

மூன்றாம் வழி, மிகுந்த கலத்திலிருந்து எடுத்துக் குறைந்த கலத்துக்குக் கொடுக்கும் கருவி. இதில் மின்சாரம் சூடாகிப் பெரிதும் வீணாவதில்லை. 1 ஆம்பியர் அளவில் வேலை செய்யும் கருவி, 10 ஆம்பியர்-மணி வேறுபாட்டைப் பத்து மணி நேரமளவில் தீர்க்க வல்லது. ஆனால் இக்கருவியை இரவு பகலாக இயங்க விடலாகாது. நடு நிலையில் அழுத்தத்தைக் கொண்டு கலத்தின் நிறைவை அறிய முடியாது என்று மேலே கண்டோம். அந்நேரத்தில் கருவி தவறான கலத்திலிருந்து எடுத்துத் தவறான கலத்துக்குக் கொடுத்து, இருக்கும் சமனையும் குலைத்துவிடும். 3.4 வோல்ட்டுக்கு மேல் மட்டும் இயங்கும்படி அமைத்தல் வேண்டும்.

நான்காம் வழி, மேலே கூறிய சங்கத்திற் செய்தது போல், பின்தங்கிய கலத்துக்கு மட்டும் தனியே ஏற்றுதல். ஒரு கலம் 10 ஆம்பியர்-மணி பின்தங்கியிருந்தால், மற்றப் பதினைந்தையும் வடிப்பதில் ஏறக்குறைய அரை யூனிட் மின்சாரம் வீணாகும். அந்த ஒன்றுக்கு ஏற்றுவதற்கோ யூனிட்டில் முப்பதில் ஒரு பங்கே போதும். ஆயினும் இவ்வாறு ஏற்றும்போது காவற்பலகை தடுக்க வல்லதன்று என்பதை மறக்கலாகாது. ஏனெனில் ஏற்றி நேரே கலத்தில் இணைந்துள்ளது. சுமையையும் மற்ற ஏற்றியையும் துண்டித்துவிட்டு, வேலை முடியும் வரையில் ஒருவர் மீட்டருடன் அருகிலேயே இருத்தல் வேண்டும்.

எச்சரிக்கைகள்

ஈயக் கலத்துக்கு உரிய ஏற்றியை அப்படியே லித்தியத்துக்குப் பயன்படுத்தலாகாது. அதில் சமன் ஏற்றம் என்றொரு அமைப்பு உண்டு. அது அழுத்தத்தை 60 வோல்ட் அளவுக்கு உயர்த்தும். பதினாறு லித்தியம் கலங்களுக்கு அது கலத்துக்கு 3.75 வோல்ட் ஆகிறது. அவ்வமைப்பை அறவே நீக்கிவிட வேண்டும்.

விளக்கு அடிக்கடி அணைகிறது என்பதற்காகக் காவற்பலகையைச் சுற்றிக் கம்பி போட்டு நேரே இணைப்பது பெரும் பிழை. பலகை துண்டிப்பது நோயன்று. நோயைக் காட்டும் நாடியாகும்.

உப்பிய கலத்தை ஏற்றவோ அமுக்கவோ குத்தவோ கூடாது. வேலை செய்வோர் மோதிரம், காப்பு, வளையல் முதலியவற்றைக் கழற்றிவிட்டு, உறையிட்ட திருகுச் சாவிகளையே கையாள வேண்டும். அழுத்தம் குறைவு என்று அசட்டையாக இருத்தல் தகாது; இரு முனைகளுக்கு நடுவே சாவி விழுந்தால் இரும்பு உருகும் அளவுக்கு மின்னோட்டம் பாயும். நூற்கட்டு, பஞ்சு, சாக்கு, துணி ஆகியவற்றை அடுக்கிய அறையில் தொகுதியை வைத்தல் கூடவே கூடாது. காற்றோட்டமுள்ள தனி இடமே ஏற்றது.

12 வோல்ட் விளக்கு இன்றியமையாததாயின், 48 வோல்ட்டை 12 ஆக மாற்றும் சிறு கருவியைத் தொகுதி முழுவதன் இரு முனைகளிலும் இணைத்து அதிலிருந்து எடுக்கலாம். அப்போது எல்லாக் கலங்களும் சமமாகவே செலவு செய்யும்.

சங்கங்கள் செய்ய வேண்டுவன

வாங்கும்போதே சில நிபந்தனைகளை விலைப்புள்ளி அழைப்பில் எழுதிவிடுதல் நன்று. கலந்தோறும் அழுத்தத்தைக் காட்டும் காவற்பலகை இருத்தல் வேண்டும். அதன் வடிப்பு அளவு எத்தனை ஆம்பியர் என்பதை விற்போர் எழுத்தில் தர வேண்டும். தனிக்கலம் பழுதானால் அதனை மட்டும் மாற்றித் தரும் உறுதி வேண்டும். ஒப்படைக்கும் நாளில், முழு ஏற்றத்தின் முடிவில் பதினாறு கலங்களின் அழுத்தத்தையும் அளந்து, இரு தரப்பினரும் கையொப்பமிட வேண்டும்.

வாங்கிய பின், மாதத்துக்கு ஒரு முறை அதே நிலையில் அளந்து ஒரு பதிவேட்டில் எழுதி வரலாம். தேதி, அறையின் வெப்பம், ஒவ்வொரு கலத்தின் அழுத்தம், உயர்ந்ததற்கும் தாழ்ந்ததற்கும் உள்ள வேறுபாடு ஆகிய இவையே பத்திகள். 3.45 வோல்ட் அளவில் வேறுபாடு 0.05 வோல்ட்டுக்குள் இருந்தால் கவலை வேண்டுவதில்லை. உச்சியில் சிறு வேறுபாடும் பெரிதாகத் தோன்றும். ஆகவே ஒரு நாள் அளவைக் கண்டு பதற வேண்டா. ஆனால் மாதந்தோறும் அது வளர்ந்து 0.1 வோல்ட்டைத் தாண்டிச் செல்லுமாயின், காரணத்தைத் தேடுதல் வேண்டும். மூன்று தசமத் தானம் காட்டும் மீட்டர் ஒன்றும், அரை மணி நேர உழைப்பும் இதற்குப் போதும். படித்த இளைஞர் ஒருவருக்கு இதனைப் பழக்கிவிடுவது எளிது.

உண்மையிலேயே பயனற்றுப் போன கலங்களைப் பழைய இரும்பு வியாபாரியிடம் போடலாகாது. 2022-ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய கலங்களைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளருக்கு உண்டு. வாங்கும் ஒப்பந்தத்திலேயே இதனைக் குறித்துக்கொண்டால் பின்னர் அலைய நேராது.

சங்கத்தின் சொத்து யாவும் அங்கத்தினரின் சிறு சேமிப்பால் ஆனவை. ஒரு தொகுதியைக் கழிக்கும் தீர்மானம் நிர்வாகக் குழுவின் முன் வரும்போது, “கலந்தோறும் அளந்த பட்டியல் எங்கே?” என்று ஒருவராவது கேட்க வேண்டும். பட்டியல் இல்லையேல் தீர்மானத்தை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கலாம். அதற்குள் இரண்டு அளவுகளை எடுத்துவிட முடியும்: மின்னேற்றம் முடியும்போது ஒன்று, மின்சாரம் தீரும்போது ஒன்று. பதினாறு கலங்களுள் எது முந்துகிறது, எது பிந்துகிறது என்பதை அந்தப் பட்டியலே சொல்லிவிடும். மாற்ற வேண்டியது ஒரு கலமா, ஒரு திருகாணியா, தொகுதி முழுவதுமா என்பதும் அப்போது தெளிவாகும்.